சாம்பிராணி பாய் சொன்ன சாட்சி

மயிலாப்பூர் மாட வீதிகளில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுவார்கள். கல்லாவைத் தொட்டுக் கும்பிடுவார்கள். அப்புறம் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பாய் வரவேண்டும். பீர் முஹம்மது தூபக்காலை ஆட்டிக்கொண்டே உள்ளே நுழைந்து, மயிலிறகு விசிறியால் புகையை மூலைக்கு மூலை தள்ளி, துணி அடுக்குக்கும் தராசுக்கும் காட்டி, கடைசியில் முதலாளியின் தலையை மயிலிறகால் ஒரு தட்டுத் தட்டி, "எந்தக் கண்ணும் அண்டாது, போ" என்று சொன்னால்தான் அன்றைய வியாபாரம் தொடங்கும். பட்டை பட்டையாக விபூதி பூசிய அண்ணாச்சிகள் சின்னப் பிள்ளை மாதிரி அவர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். அதில் வேடிக்கை ஏதும் இருப்பதாக அங்கே ஒருவருக்கும் தோன்றியதில்லை.

மதியத்துக்கு மேல் நெருப்பைத் தணித்து, தூபக்காலைச் சாக்குப் பைக்குள் போட்டுக்கொண்டு, கண்டக்டரிடம் நாலு திட்டு வாங்கியபடி தி.நகருக்குப் போவார். அங்கே புடவைக் கடைகள். சாயங்காலம் திரும்பி வரும்போது சட்டை, தாடி, இருமல் எல்லாவற்றிலும் புகை வாசனை இருக்கும்.

அவர் மகான் ஒன்றும் இல்லை. முன்கோபி. டீ ஆறியிருந்தால் தம்ளரைத் திருப்பி நீட்டிவிடுவார். சாம்பிராணி விலை ஏறினால் கூசாமல் குங்கிலியத்தைக் கலப்பார், கேட்டால், "புகை வருதா இல்லியா?" என்பார். ஆனால் புகை போடும்போது வாய்க்குள் ஓதுகிற வார்த்தைகளில் ஒரு எழுத்தைக் கூட அவர் விழுங்கியதில்லை. அதைக் கேட்கிறவன் கடை முதலாளி இல்லை என்பது அவர் கணக்கு. மனுஷர் நாசமாய்ப் போனதே இந்தக் கணக்கால்தான்.

அவர் மனைவி ஹாஜிரா பீ. குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பல குடும்பங்கள் ஒண்டியிருக்கும் காம்பவுண்டில் அவர்களுக்கு ஒரு முன்னறையும் ஒரு சமையலறையும். பொழுது சாய்ந்ததும் அவள் வாசலில் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வந்து நிற்பார்கள். காய்ச்சல், வீறிட்டு அழுகை, சோறு இறங்கவில்லை என்று ஆளுக்கொரு குறை. ஹாஜிரா தம்ளரில் தண்ணீர் எடுத்து, ஓதி, அதில் ஊதி, பிள்ளையின் வாயில் ஒரு மடக்கு விட்டு, மிச்சத்தை உச்சந்தலையில் தடவுவாள். ஒரு வெற்றிலை கூட யாரிடமும் வாங்கமாட்டாள். அனுப்பும்போது, "மாத்திரயும் குடும்மா, டாக்டர்கிட்டயும் காட்டு" என்பாள். இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் விட்ட நாளே கிடையாது. பிற்பாடு அதைக் கோர்ட்டில் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

சக்திவேல் தென்காசிப் பக்கத்துப் பையன். தி.நகரில் ஒரு பெரிய புடவைக் கடையில் சேல்ஸ்மேன். பாய் புகை போட வரும்போது எல்லோரும் ஒரு கையால் ஏனோதானோவென்று புகையை வாங்குவார்கள். சக்திவேல் மட்டும் எடுத்துக்கொண்டிருக்கும் புடவையை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் புகையை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பான். பாய்க்கு அவனைப் பிடித்துப்போனது அதனால்தான். கல்யாணமாகி வீடு தேடி அலைந்தபோது, காம்பவுண்டில் காலியான எதிர் வீட்டை அவனுக்குப் பிடித்துக் கொடுத்ததும் பாய்தான்.

வந்த பெண் ஷண்முகப்ரியா, சமைக்கத் தெரியாமல் முழித்தது. ஹாஜிரா சொல்லிக்கொடுத்தாள். பெருநாளன்று பிரியாணி எதிர் வீட்டுக்குப் போகும். பொங்கலன்று பொங்கல் இங்கே வரும். முதல் குழந்தை பிறந்தது, ஆண். காம்பவுண்டு வாசலில் ஒரு அடிபம்பு இருந்தது. வெளியாள் யாரும் தண்ணீர் அடித்துவிடக் கூடாதென்று இருட்டுகிற நேரத்துக்கு அதன் இரும்புக் கைப்பிடியைக் கழற்றி யார் வீட்டிலாவது உள்ளே வைத்துவிடுவது அங்கே வழக்கம். பெரும்பாலும் சக்திவேல் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் அது சாய்ந்திருக்கும்.

குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும்போது டெங்கு வந்தது. முதல் நாள் காய்ச்சலுக்கு ஹாஜிராவிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓதி ஊதினாள். டாக்டரிடம் காட்டச் சொன்னாள். காட்டினார்கள், கொஞ்சம் தாமதமாக. ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்துபோனது.

பெற்ற பிள்ளையைப் புதைத்தவனுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கொசு என்ற காரணம் அவனுக்குப் போதவில்லை. எங்கேயோ ஒரு குறி சொல்கிறவனிடம் போய் உட்கார்ந்திருக்கிறான். "கையில் தண்ணியோட வர்றவ" என்று அந்தப் பாவி சொல்லி அனுப்பினான். அன்றிலிருந்து சக்திவேல் எதிர் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை. பாய் புகை போட்டால் முன்பைவிட அதிகமாக அள்ளி ஒற்றிக்கொண்டான். துக்கம் என்று பாய் நினைத்தார். ஹாஜிராவும் அப்படித்தான் நினைத்தாள்.

அடுத்துப் பிறந்த பெண் குழந்தைக்கும் ஒரு நாள் உடம்பு சுட்டது. சக்திவேல் வேலையிலிருந்து வர நேரமாகும் என்று ஷண்முகப்ரியா வாசலில் வந்து, "ஹாஜிராம்மா, செத்த வாங்களேன்" என்று கூப்பிட்டாள். ஹாஜிரா தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். புகைச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த கணவரிடம், "ப்ரியா கூப்டுது, புள்ளைக்கு ஜுரமாம். வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கென்று சக்திவேல் சீக்கிரம் வந்துவிட்டான். பிள்ளையின் தலைமாட்டில் கையில் தண்ணீரோடு அவள் குனிந்திருந்ததைப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் பம்புக் கைப்பிடி இருந்தது.

தம்ளர் உருண்ட சத்தம்தான் பாய்க்குக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் கைப்பிடியைக் கீழே போட்டுவிட்டு, பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். "பொழைச்சிட்டா, பொழைச்சிட்டா" என்றான். பிள்ளையைச் சொன்னான்.

வழக்கு சைதாப்பேட்டையில் தொடங்கி செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனது. பீர் முஹம்மது காம்பவுண்டைக் காலி செய்துவிட்டு ஆதம்பாக்கத்தில் மகள் நாஸியா வீட்டோடு போனார். நாஸியா பள்ளிக்கூட டீச்சர், கணக்கு எடுப்பவள். கண்ணாவது பில்லியாவது என்று சின்ன வயதிலேயே அம்மாவிடம் சண்டை போட்டவள். இப்போது அம்மா போன பிறகு சண்டை போட அப்பா மட்டும்தான் மிச்சம்.

பாய்க்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவனைத் தூக்கில் போடவேண்டும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. நடந்தது கொலை என்று ஒரு ஜட்ஜ் வாயால் சொல்லவேண்டும். ஹாஜிரா ஒரு தப்பும் செய்யாமல் கொல்லப்பட்டாள் என்று நாலு பேர் கேட்கச் சொல்லவேண்டும். சந்தில் ஏற்கனவே, "என்ன இருந்தாலும் நெருப்பில்லாம புகையுமா?" என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். புகை போட்டே வயிறு வளர்த்தவரிடம் வந்து இதைச் சொன்னார்கள் என்பதுதான் கொடுமை.

அரசு வக்கீல் நீரஜா கெட்டிக்காரப் பெண். சாட்சிக் கூண்டுக்குப் போவதற்கு முன்னால் அவரை உட்காரவைத்துப் பேசினாள்.

"பாய், அவங்க தரப்புல ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடிச்சிருக்காங்க. சூனியம்னு அவன் மனசார நம்பிட்டான், பிள்ளையைக் காப்பாத்தத்தான் அடிச்சான், கொல்ற எண்ணம் இல்லன்னு. நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க. கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தையில பதில். தொழிலைப் பத்தி நீங்களா வாயத் திறக்காதீங்க."

"கேட்டா இன்னாம்மா பண்றது?"

நீரஜா பெருமூச்சு விட்டாள். "கேட்டா உண்மையத்தான் சொல்லணும்" என்றாள்.

நாஸியா ஆட்டோவில் வரும்போது வேறு மாதிரி சொன்னாள். "அத்தா, கண்ணும் இல்ல மண்ணும் இல்ல, வயித்துப் பொழப்புக்குப் போடறேன்னு சொல்லிடு. அவ்ளோதான். அம்மாவுக்காக சொல்லு."

அவர் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். அடையாற்றுப் பாலத்தின் மேல் ஆட்டோ போகும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கண்ணால் பார்த்த ஒரே சாட்சி ஷண்முகப்ரியாதான். அவள் முந்தின வாய்தாவிலேயே பிறழ் சாட்சி ஆகிவிட்டாள். தான் கூப்பிடவே இல்லை, அந்தம்மா தானாக வந்து பிள்ளையின் வாயில் எதையோ ஊற்றப் பார்த்தது என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனாள். புருஷனும் வேண்டும், பிள்ளைக்கு அப்பனும் வேண்டும். செத்துப்போனவள் கோபித்துக்கொள்ள வரப்போவதில்லை. ஆகவே எல்லாப் பாரமும் பாயின் வாய் மேல் வந்து உட்கார்ந்தது.

அல்லாஹ்வின் பெயரால் உண்மை மட்டுமே பேசுவதாகச் சொல்லிவிட்டுக் கூண்டில் நின்றார். எதிர்த்தரப்பு வக்கீல் கருணாகரன் குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்.

"பம்புக் கைப்பிடி விஷயமா உங்க ரெண்டு வீட்டுக்கும் சண்டைன்னு போலீஸ்ல எழுதியிருக்கு. சண்டை வந்துச்சா?"

"இல்ல சார். அது போலீஸ்காரங்களே எழுதிக்கினாங்க. எங்களுக்குள்ள ஒரு சண்டையும் கெடயாது."

நீரஜா கண்ணை மூடித் திறந்தாள். முன்விரோதம் என்ற ஒன்று அத்தோடு போயிற்று.

"என்ன தொழில் பண்றீங்க, பெரியவரே?"

"சாம்பிராணி போடறேன்."

"எதுக்கு? வாசனைக்கா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பாய்க்குச் சுருக்கென்றது. "வாசனைக்குத்தான் ஊதுபத்தி கீதே சார். இது கண்ணு கழியறதுக்கு."

"அப்ப கண்ணு படறதுன்னு ஒன்னு உண்மையிலேயே இருக்கு?"

"கீது சார்."

நீரஜா எழுந்து ஆட்சேபித்தாள். ஜட்ஜ், "கேட்கட்டும்" என்றார்.

"உங்க மனைவி ஓதி ஊதினா காய்ச்சல் இறங்குமா?"

"எறங்கியிருக்கு சார். எத்தினியோ புள்ளைங்களுக்கு."

"நல்லதுக்கு ஓதி ஒரு பிள்ளையைக் காப்பாத்த முடியும்னா, கெட்டதுக்கு ஓதி ஒரு பிள்ளையைக் கொல்லவும் முடியும். முடியுமா, முடியாதா?"

எதிரே நாஸியா உட்கார்ந்திருந்தாள். முடியாது என்று சொல்லிவிடு என்று அவள் முகம் கெஞ்சியது. ஒரு வார்த்தை. குங்கிலியம் கலக்கிற கைக்கு அது பெரிய காரியமா? ஆனால் அந்த மனிதர் அங்கே பார்த்தது வேறு. முடியாது என்று சொன்னால், ஹாஜிரா இத்தனை வருஷம் அந்தி நேரத்தில் வாசலில் நின்று ஊதியதெல்லாம் வெறும் காற்று என்று ஆகிவிடும். செத்த பிறகு அவளைப் பித்தலாட்டக்காரி ஆக்கவேண்டும். அதற்கு அல்லாஹ்வை வேறு சாட்சிக்குக் கூப்பிட்டாயிற்று.

"முடியும் சார்" என்றார். "அப்டி செய்யறவங்களும் கீறாங்க. ஆனா ஹாஜிரா அப்டி இல்ல."

"அப்படி இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க புருஷன். சக்திவேலுக்கு எப்படித் தெரியும்?"

பாய் சக்திவேலைத் திரும்பிப் பார்த்தார். "அவன் எங்க வூட்ல சாப்ட்டவன் சார்" என்றார்.

அது கேள்விக்குப் பதில் இல்லை. கருணாகரன் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருக்கிறது. பொய் சொல்லவேண்டிய ஒரே இடத்தில் போய் உண்மை பேசினார். ஆனால் அவரை மட்டும் திட்டி என்ன பயன்? அந்தக் கோர்ட் வாசலில் நின்ற வக்கீல்களின் கார்களில் பாதிக்கு மேல் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. அவர்களில் ஒருவரையும் யாரும் கூண்டில் ஏற்றிக் கேட்கவில்லை.

தீர்ப்பு வந்தது. ஜட்ஜ் நல்ல மனிதர், நிதானமாக வாசித்தார். மூட நம்பிக்கையைக் கண்டித்து ஒரு பத்தி இருந்தது. அதற்குப் பிறகு, இறந்தவரின் கணவரே இத்தகைய சக்திகள் உண்டு என்று சாட்சியம் அளித்திருப்பதால், அதிகம் படிக்காத, ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த எதிரி சக்திவேல், இரண்டாவது பிள்ளையின் உயிரைக் காப்பாற்றுவதாக மனமார நம்பியே செயல்பட்டார் என்று கொள்ளவேண்டியிருக்கிறது என்று இருந்தது. இது கொலை அல்ல; கொலைக் குற்றம் ஆகாத மரணம். ஏழு வருஷம். விசாரணையின்போது உள்ளே இருந்த காலம் அதில் கழியும்.

நாஸியா வராந்தாவிலேயே வெடித்தாள். "மேடம், ஒடைஞ்சது எங்க அம்மா தலை. நம்பினது அவன். அவன் எவ்வளவு ஆழமா நம்பினான்னு கோர்ட் எடை போட்டுப் பார்த்துச்சே, எங்க அம்மா மண்டையில எவ்வளவு ஆழம்னு யாராவது பார்த்தாங்களா? இன்னும் நல்லா நம்பியிருந்தா விட்டே இருப்பாங்களா?"

நீரஜா கேஸ் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அப்பீல் போகலாம் என்றாள். அரசாங்கம் போகாவிட்டாலும் குடும்பத்தார் போகலாம். "ஆனா மேல்கோர்ட்டுலயும் எடுத்துப் படிக்கப்போறது இதே சாட்சியைத்தான்" என்று பாயைப் பார்க்காமல் சொன்னாள்.

அப்போது போலீஸ்காரர்கள் சக்திவேலை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார்கள். பாயைப் பார்த்ததும் அவன் நின்றான். கண் கலங்கியிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டான்.

"பாய், எனக்கு வேற வழி தெரியல பாய். ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. ஒங்களுக்கு அதெல்லாம் தெரிஞ்சிருக்காதுன்னு எனக்குத் தெரியும். எம் புள்ள நல்லா இருக்கா பாய்."

அவன் நடிக்கவில்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. பாயை அவன் மன்னித்துக்கொண்டிருந்தான்.

அப்பீல் போடவேண்டும் என்று நாஸியா கொஞ்ச நாள் அலைந்தாள். ஒவ்வொரு வக்கீலும் சாட்சியத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். அவளுக்கும் பள்ளிக்கூடம், பரீட்சை, மாமியார் என்று ஆயிரம். பேச்சு மெல்ல நின்றுபோயிற்று. அப்பாவோடும் பேச்சு குறைந்துபோயிற்று. சாப்பாட்டுத் தட்டை வைப்பாள், மாத்திரையை எடுத்து வைப்பாள். அந்த ஒரு வார்த்தையை ஏன் சொல்லவில்லை என்று ஒரு தரமும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

பீர் முஹம்மது மறுபடி தொழிலுக்குப் போனார். அந்த வயதில் வேறென்ன தெரியும்? மாட வீதியில் சிலர் ஜாடையாக வேண்டாம் என்றார்கள். சிலர் முன்னைவிட மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதை அவருக்குப் புரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அது புரிந்தது. பாத்திரக் கடைக்காரர் ஒருவர். படித்தவர், சாந்தமானவர், மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். புகை போட வந்தவரை உள்ளே கூப்பிட்டு, ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். கடை ஆளை வெளியே அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாய், ஒரு விஷயம். தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க வீட்டுல அந்த மாதிரி ஓதறது எல்லாம் உண்டுன்னு நீங்களே கோர்ட்ல சொன்னீங்களாம். ஏதோ இல்லாமலா ஜட்ஜ் தண்டனையைக் குறைப்பார்? அம்மா செய்யறது உங்களுக்கும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். என் பங்காளி ஒருத்தன் இருக்கான். அவன் இருக்கிற வரைக்கும் இந்தச் சொத்து எனக்கு வராது..."

பாய் டீ தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஹாஜிரா அப்டி இல்ல சார்" என்றார்.

கோர்ட்டில் சொன்ன அதே வார்த்தைகள். பாத்திரக் கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. புரிந்துகொண்டவர் மாதிரி புன்னகை செய்தார். "தெரியும் பாய். வெளியில எப்படிச் சொல்லுவீங்க? அவசரம் இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப கடைக்குப் போட்டுட்டுப் போங்க."

தூபக்காலை வீசி எறிந்துவிட்டு வந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. எறிந்துவிட்டு எங்கே போவது? நாளைக்கு அடுத்த கடையிலும் இதே ஸ்டூலை எடுத்துப் போடுவார்கள். இல்லை இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, இருக்கிறது என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். மயிலாப்பூர் முழுக்க ஹாஜிரா இனி இப்படித்தான் இருக்கப்போகிறாள்.

எழுந்தார். கரியை ஊதி, சாம்பிராணித் தூளைத் தூவினார். அண்டா அடுக்குக்கும் குத்துவிளக்குகளுக்கும் காட்டினார். வாய் வழக்கம்போல ஓதிக்கொண்டிருந்தது, ஒரு எழுத்தையும் விழுங்காமல். கடைசியில் முதலாளியின் பக்கம் திரும்பினார்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் புகையை அள்ளினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணை மூடி, உதடு முணுமுணுக்க, சக்திவேல் நின்ற மாதிரியே நின்றார். அந்த முகத்தில் கள்ளம் ஒரு துளி இல்லை. அவ்வளவு மனப்பூர்வமாக நம்பினார்.

மயிலிறகைத் தூக்கிய கை அப்படியே நின்றது. இத்தனை வருஷத் தொழிலில் பீர் முஹம்மதுவுக்கு முதல் தடவையாகப் பயமாக இருந்தது.